ஃபுல்டன் சரிப்பட்டு வருவாரா? ஹாக்கி வாசகர்கள் கேள்வி – பதில்

இந்த மாதம் (செப்டம்பர் 2023) வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே ஆளைப் பற்றித்தான். இந்திய ஆண்கள் ஹாக்கி அணியின் புதிய தலைமைப் பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டன். சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபியை ஜெயித்த சூட்டோடு எழுதியவர்களும் இருக்கிறார்கள், ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்குப் போகும் 18 பேர் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போய் எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஜனவரியில் உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவை 5-2 என்று தோற்கடித்தோம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதே நாட்டுக்காரரைக் கூட்டிவந்து நமக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். இது என்ன நியாயம்? – மதுரை வாசகர்

பதில்: மார்ச் 3-ஆம் தேதி அறிவிப்பு வந்தபோது பாதிப் பேர் இதைத்தான் கேட்டார்கள். அப்போது நம் எல்லோருக்கும் மனசு சரியில்லை. சொந்த மண்ணில் உலகக் கோப்பை, புவனேஸ்வரில் அத்தனை ஜனம், கடைசியில் காலிறுதிகூட இல்லாமல் ஒன்பதாவது இடத்தைப் பகிர்ந்துகொண்டோம். டோக்கியோவில் 41 வருடத்துக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் வாங்கிக்கொடுத்த பயிற்சியாளர் கிரஹாம் ரீட், உலகக் கோப்பை முடிந்த மறுநாளே ராஜினாமா செய்துவிட்டார். அந்த வலியில் இருக்கும்போது யார் வந்திருந்தாலும் திட்டியிருப்போம்.

ஆனால் ஃபுல்டனின் பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் அவர் செய்த வேலையைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவுக்காக 195 ஆட்டங்கள், அட்லாண்டா, ஏதென்ஸ் என்று இரண்டு ஒலிம்பிக். அப்புறம் 2014-இல் அயர்லாந்து அணியை எடுத்துக்கொண்டார். வேலைக்கும் கல்லூரிக்கும் போய்க்கொண்டே ஹாக்கி ஆடிய பையன்கள்தான் அந்த அணியில் அதிகம். அவர்களை வைத்துக்கொண்டு 2015 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் வெண்கலம், 2016-இல் ரியோ ஒலிம்பிக் வாய்ப்பு. அயர்லாந்து ஆண்கள் அணி அதற்கு முன் ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடியது 1908-இல்! அதன் பிறகு பெல்ஜியத்தில் ஷேன் மெக்லியோடுக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்தார்; 2018 உலகக் கோப்பை, டோக்கியோ தங்கம் இரண்டும் அந்த அணிக்கு அப்போது கிடைத்தவை.

டோக்கியோ அரையிறுதி நினைவிருக்கிறதா? மூன்று கால் பகுதிகள் முடியும்போது 2-2. கடைசிப் பதினைந்து நிமிடத்தில் பெல்ஜியம் மூன்று கோல் போட்டு நம்மை 5-2 என்று அனுப்பியது. அன்று எதிரணியின் முகாமில் இருந்தவர் இவர். நாம் எங்கே உடைவோம் என்று தெரிந்த ஆளைத்தான் கூட்டிவந்திருக்கிறார்கள்.

கேள்வி: ரூர்கேலாவில் மார்ச் மாதம் புரோ லீகில் பயிற்சியாளர் இல்லாமலே உலக சாம்பியன் ஜெர்மனியை இரண்டு முறை, ஆஸ்திரேலியாவை இரண்டு முறை ஜெயித்தோமே? – திருச்சி கல்லூரி மாணவர்

பதில்: பயிற்சியாளர் இல்லாமல் இல்லை. டேவிட் ஜான், கரியப்பா, சிவேந்திர சிங் மூவரும் இடைக்காலமாகப் பார்த்துக்கொண்டார்கள், பிரமாதமாகவே பார்த்துக்கொண்டார்கள். அந்த நான்கு ஆட்டங்களும் எனக்கும் பெரிய ஆறுதல். ஆனால் லீக் ஆட்டத்தில் தோற்றால் அடுத்த ஆட்டம் இருக்கிறது. உலகக் கோப்பையில் நியூசிலாந்தோடு தோற்ற அன்று காலிறுதி வாய்ப்பே போய்விட்டது, அப்புறம் மிஞ்சியது ஒன்பதாவது இடத்துக்கான ஆட்டங்கள்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கேள்வி: ஆகஸ்ட் 12 இறுதிப் போட்டிக்கு எழும்பூர் மைதானத்தில் இருந்தேன். இடைவேளையில் மலேசியா 3-1 என்று முன்னிலை. என் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் "பழைய கதைதான்" என்று எழுந்தே போய்விட்டார். அதற்கப்புறம் 4-3 என்று எப்படி ஜெயித்தோம்? ஃபுல்டன் அப்படி என்ன செய்தார்? – வேளச்சேரி வாசகி

பதில்: நானும் அன்று மேல் வரிசையில்தான் இருந்தேன், என் தொண்டையும் அடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் ஜுக்ராஜ் சிங் பெனால்டி கார்னரில் கோல் போட்டபோது நம் ஜனங்கள் போட்ட சத்தம் என்ன, மூன்றாவது கோல் வாங்கிய பிறகு இருந்த அமைதி என்ன! பக்கத்து வரிசையில் ஒரு பையன் கையில் இருந்த கொடியை மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

உள்ளே பேசியது நமக்குக் கேட்கவில்லை. வெளியே வந்த பிறகு தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் பாதியில் ஒரு கோல் வாங்கியதும் உடனே திருப்பிப் போட்டுவிட வேண்டும் என்று எல்லோரும் முன்னால் ஓடினார்கள், பின்னால் இடம் திறந்தது, மலேசியா அந்த இடத்தில் புகுந்தது. இரண்டாம் பாதியில் அந்த அவசரம் இல்லை. மூன்றாவது கால் பகுதியில் பதினான்கு நிமிடம் ஸ்கோர் மாறவே இல்லை, ரசிகர்கள்தான் பொறுமை இழந்தார்களே தவிர அணி இழக்கவில்லை. அப்புறம் 45-ஆவது நிமிடம். பெனால்டி ஸ்ட்ரோக், கேப்டன் ஹர்மன்பிரீத் போட்டார், 3-2. நாங்கள் உட்காரக்கூட இல்லை, அதே நிமிடத்தில் குர்ஜந்த் சிங் இன்னொன்று, 3-3. மடித்து வைத்த கொடியை அந்தப் பையன் எப்போது பிரித்தான் என்று நான் பார்க்கவில்லை, பார்க்கும்போது கம்பத்தோடு தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. 56-ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் நான்காவது.

நான்கு கோலைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, இரண்டாம் பாதி முழுக்க மலேசியாவை ஒரு கோல்கூட போட விடவில்லை என்பதுதான். ஜனவரியில் நியூசிலாந்தோடு இதற்கு நேர்மாறாக நடந்தது. அன்று 3-1 என்று முன்னால் இருந்தது நாம். 43-ஆவது நிமிடம் ஒன்று, 49-ஆவது நிமிடம் ஒன்று என்று வாங்கி, ஷூட் அவுட்டில் போய் விழுந்தோம்.

இதில் ஒருவருக்குச் சேர வேண்டியதையும் சொல்ல வேண்டும். அந்தத் தோல்விக்குப் பிறகு, இந்த அணிக்கு மனநிலைப் பயிற்சியாளர் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர் ரீட். அவர் கேட்டது அவர் போன பிறகுதான் கிடைத்தது. 2011-இல் கிரிக்கெட் உலகக் கோப்பை வென்ற அணியோடு இருந்த பேடி அப்டன், சென்னைப் போட்டிக்கு முன்பு ஹாக்கி அணியோடு சேர்ந்தார். அன்று எழும்பூரில் நாம் பார்த்ததில் ரீட் கேட்டதற்கும் பங்கு உண்டு.

கேள்வி: 'தற்காத்து ஜெயிப்போம்' என்கிறாராம் புதிய பயிற்சியாளர். இந்திய ஹாக்கி என்றாலே தாக்குதல்தான். தன்ராஜ் பிள்ளை ஓடிய ஓட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். இனிமேல் பின்னால் நின்று பந்தை உருட்டிக்கொண்டிருப்பதைத்தான் பார்க்க வேண்டுமா? – சேலம், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்

பதில்: ஐயா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. தன்ராஜ் பந்தோடு கிளம்பினால் மைதானமே எழுந்து நிற்கும், அதை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் 'தற்காப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் கோல் வாசலில் போய்க் கூட்டமாக நிற்பதாக நினைத்துக்கொள்கிறோம். ஃபுல்டன் கேட்பது அது இல்லை. பந்து நம்மிடம் இல்லாத நேரத்தில் பதினோரு பேரும் வேலை செய்ய வேண்டும் என்கிறார், முன்கள வீரர்களும் சேர்த்துத்தான்.

அடுத்த ஆட்டத்தில் ஒன்று செய்து பாருங்கள். எதிரணியின் 23 மீட்டர் கோட்டுக்கு உள்ளே நம் முன்கள வீரர் பந்தைப் பறிகொடுக்கும்போது, பந்து போகும் பக்கம் பார்க்காமல் அவரையே பாருங்கள். முன்பெல்லாம் ஒரு நொடி நிற்பார், நடுவரைப் பார்த்துக் கையை விரிப்பார். அந்த ஒரு நொடியில் பந்து நடுக்களத்தைத் தாண்டிவிடும். எழும்பூரில் நான் பார்த்த ஏழு ஆட்டங்களிலும் அந்தக் கை விரிப்பு குறைந்திருந்தது. பறிகொடுத்தவர் அப்படியே திரும்பி, மட்டையைத் தரையோடு தாழ்த்தி, உள்ளே போகும் பாஸை மறித்துக்கொண்டு எதிராளியை ஓரக்கோட்டுப் பக்கம் தள்ளுகிறார். பந்து ஓரத்துக்குப் போனால் அங்கே நம்மவர்கள் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். பிடுங்கின இடத்திலிருந்து கோல் இருபது முப்பது மீட்டர்தான். அங்கிருந்துதான் தாக்குதலே தொடங்குகிறது.

கணக்கும் இதையேதான் சொல்கிறது. சென்னையில் ஏழு ஆட்டங்களில் நாம் போட்டது 29 கோல், வாங்கியது 8. பாகிஸ்தானை 4-0, அரையிறுதியில் ஜப்பானை 5-0. இதைப் பார்த்துவிட்டு யாரும் உருட்டல் ஹாக்கி என்று சொல்ல முடியாது. ஜூன் மாதம் லண்டனில் அவருடைய பழைய பெல்ஜியத்தையே 5-1 என்று அடித்தோம்.

சரி, குறையும் சொல்கிறேன். அதே ஜூனில் நெதர்லாந்திடம் இரண்டு முறையும் தோற்றோம். ஜப்பானோடு நடந்த லீக் ஆட்டத்தில் பெனால்டி கார்னர் மழையாகக் கொட்டியும் ஒரே ஒரு கோல், 1-1. பெனால்டி கார்னர் அடிக்கும் ஹர்மன்பிரீத் மட்டையில் படாத நாளில் நமக்கு வேறு வழி என்ன என்ற கேள்விக்கு ஃபுல்டனிடமிருந்து இன்னும் விடை வரவில்லை. என் கவலை முழுக்க அங்கேதான்.

கேள்வி: எங்கள் ஊர் கார்த்தி சென்னையில் மலேசியாவோடும் ஜப்பானோடும் கோல் போட்டார். ஆசிய விளையாட்டுப் பட்டியலில் அவர் இல்லை. இறுதிப் போட்டியில் வெற்றிக் கோல் போட்ட ஆகாஷ்தீப்பும் இல்லை, முதல் கோல் போட்ட ஜுக்ராஜும் இல்லை. ஜெயித்துக் கொடுத்தவர்களை வெளியே நிறுத்துவதுதான் புது முறையா? – அரியலூர் வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அரியலூரில் பிறந்து, கோவில்பட்டி விடுதியில் தங்கிப் பழகி, சொந்த மாநிலத்து ஜனங்கள் முன்னால் இந்தியச் சட்டையில் கோல் போட்ட பையன். அன்று அரங்கமே "கார்த்தி, கார்த்தி" என்று கத்தியது, நானும் கத்தினேன். அவர் இல்லாத பட்டியல் எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது.

ஆனாலும் கார்த்தி விஷயத்தில் பயிற்சியாளரைத் திட்ட மாட்டேன். லலித் உபாத்யாய், அபிஷேக் இருவரும் திரும்பி வந்திருக்கிறார்கள், லலித் டோக்கியோ பதக்க அணியில் இருந்தவர். ஹாங்சோவில் தங்கம் வாங்கினால் நேராகப் பாரிஸ் ஒலிம்பிக், விட்டால் தகுதிச் சுற்றுக்கு அலைய வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு அனுபவக்காரர்களைக் கூட்டிப்போவது புரிகிறது. கார்த்திக்கு வயது இருக்கிறது.

ஆகாஷ்தீப் விஷயம் வேறு. அது தப்பு என்றுதான் நினைக்கிறேன். சிக்கலான ஆட்டத்தில் டி-க்குள் (கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டம்) பந்தை வைத்துக்கொண்டு பதறாமல் நிற்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் நிறைய பேர் இல்லை. இருக்கிற ஒருவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார் ஃபுல்டன். ஹாங்சோவில் அவருடைய கணக்கு சரியென்று ஆனால் இதே பக்கத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: நம்மிடம் ஆளே இல்லையா? எதற்கு எப்போதும் வெளிநாட்டுப் பயிற்சியாளர்? – கோவை வாசகி

பதில்: ஆள் இருக்கிறார்கள். ஹரேந்திர சிங் 2016-இல் லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பையே வாங்கிக்கொடுத்தார். 1980 மாஸ்கோ தங்க அணியின் கேப்டன், நம் சென்னை பாஸ்கரன், அவரும் பயிற்சியாளராக இருந்திருக்கிறார். என் வருத்தம் நாட்டைப் பற்றியது இல்லை, நாளைப் பற்றியது. ஹரேந்திர சிங்கை 2018 மே மாதம் சீனியர் அணிக்கு வைத்தார்கள், 2019 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். அவருக்கு முன்னால் மரைனே, ஒரு வருடம்கூட இல்லை. 2015-இல் பால் வான் ஆஸ் வந்தார், ஆறே மாதம். ஒருவர் வந்து பையன்கள் பெயரைப் பழகி முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார், புது உத்தி, புது மொழி, மறுபடி முதலிலிருந்து. ரீட் மட்டும்தான் கிட்டத்தட்ட நான்கு வருடம் இருந்தார், பதக்கம் வந்தது. இவருக்கும் பாரிஸ் வரைக்குமாவது நேரம் கொடுக்க வேண்டும். அடுத்து உள்ளூர்க்காரர் வந்தாலும் அதே நேரத்தைக் கொடுக்க வேண்டும், அவரிடம் மட்டும் ஆறு மாதத்தில் கணக்குக் கேட்கக் கூடாது.

கேள்வி: நான் கோவில்பட்டியில் காலையில் முப்பது பையன்களுக்குச் சம்பளமில்லாமல் ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேருக்கு மட்டை இல்லை. ஃபுல்டன் வந்ததால் எங்களுக்கு என்ன? – கோவில்பட்டி வாசகர்

பதில்: உடனடியாக ஒன்றும் இல்லை. மட்டையும் ஷூவும் அவர் தரப்போவதில்லை, அது நம் அரசும் ஊரும் செய்ய வேண்டியது. எழும்பூரில் புதிதாகப் போட்ட செயற்கைத் தரையைப் பார்த்தபோது, இதில் ஒரு சின்னப் பங்கு மட்டைகளுக்குப் போயிருந்தால் எத்தனை பையன்களுக்குக் கிடைத்திருக்கும் என்று எனக்கும் தோன்றியது.

ஆனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பக்கத்துப் பையன்களுக்குப் பந்தை வெட்டி எடுத்துக்கொண்டு போகும் வித்தை மண் தரையிலேயே வந்துவிடுகிறது. குண்டும் குழியுமான இடத்தில் துள்ளுகிற பந்தை அடக்கியவனுக்கு டர்ஃபில் வழுக்கி வருகிற பந்து பெரிய விஷயமில்லை, கொஞ்சம் இன்னும் தாழ்ந்து நிற்கப் பழக வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் பழகாதது பந்து போன பிறகு திரும்பி ஓடுவது. தேர்வு முகாம்களில் நம் பையன்கள் பின்தங்குவதை அங்கேதான் பார்க்கிறேன். அதற்கு மட்டை வேண்டாம், டர்ஃபும் வேண்டாம். பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும், மூன்று பேர் தாக்க, மூன்று பேர் மறிக்க, பறிகொடுத்தவன் ஐந்து எண்ணுவதற்குள் பந்துக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும்.

ஹாங்சோ ஆட்டங்கள் 24-ஆம் தேதி உஸ்பெகிஸ்தானோடு தொடங்குகின்றன. அதிலும் சிங்கப்பூர் ஆட்டத்திலும் பெரிதாக எதுவும் தெரியாது. 28-ஆம் தேதி ஜப்பான், 30-ஆம் தேதி பாகிஸ்தான், இந்த இரண்டுக்கும் முப்பது பேரையும் ஒரு டிவி முன்னால் உட்காரவையுங்கள். பந்து வைத்திருப்பவனைப் பார்க்காதே, பறிகொடுத்தவனைப் பார் என்று சொல்லுங்கள். அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.