பிக்கப் டிரக்கில் ஹீட்டர் கோர் மாற்ற மாற்ற ஒழுகுவது ஏன்?

ஹீட்டர் கோர் என்பது எஞ்சினின் சூடான கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ஓடி, கேபினுக்கு வெப்பம் தரும் சிறிய ரேடியேட்டர். இரண்டு வருடத்தில் மூன்றாவது கோரும் ஒழுகுகிறது என்றால் கோர் மேல் பழி போடாதீர்கள். அதைக் கெடுப்பது வேறு ஏதோ.

கழற்றிய கோரைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறீர்களா? அதுதான் முதல் சாட்சி. மூட்டு பிளந்திருந்தால் அழுத்தம் அதிகம். ரேடியேட்டர் மூடியையும் ஹெட் கேஸ்கெட்டையும் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) பாருங்கள். குழாயின் கழுத்தில் விரிசல் என்றால் ஹோஸ் இழுக்கிறது. ஊசி குத்தியதுபோல் பொடி ஓட்டைகள் என்றால் உள்ளிருந்து அரிப்பு.

என் சந்தேகம் கடைசியதில்தான். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் வயர் துருப்பிடித்தால், மின்சாரம் கூலன்ட் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பப் பார்க்கும். மெல்லிய அலுமினியம் அதைத் தாங்காது.

சோதிப்பது எளிது. எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள் (சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்). மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்டிலும் வையுங்கள். அப்புறம் ஒருவரை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட், ஹீட்டர் விசிறி என ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். 0.1 வோல்ட் வரை கவலையில்லை. 0.3-ஐத் தாண்டினால் சிக்கல். எதைப் போட்டதும் எண் குதிக்கிறதோ, அதன் எர்த்தை முதலில் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

எல்லாம் அணைந்திருந்தும் எண் இறங்கவில்லையா? கூலன்டே அமிலமாகியிருக்கலாம். முழுவதும் வடித்து, அலசி, புதிய கூலன்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாக ஊற்றுங்கள். நான்காவது கோரை அதற்குப் பிறகு மாட்டுங்கள்.