கேம் கேள்வி-பதில்: கேப் வெஸ்ட் குடியிருப்பில் கைல் ஹைடு

*'ஹோட்டல் டஸ்க்' முடித்துவிட்டேன். அதன் தொடர்ச்சியான 'லாஸ்ட் விண்டோ'வைப் பலரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். சண்டை கிடையாது, துரத்தல் கிடையாது, முழுக்கப் பேச்சுதான். அப்படி என்னதான் இருக்கிறது அதில்?*
– வாசகர், கோவை

பேச்சுதான் இருக்கிறது. அதுதான் சமாச்சாரமே.

புதியவர்களுக்காக இரண்டு வரி. 2007-ல் நின்டெண்டோ டிஎஸ் என்ற இரட்டைத் திரைக் கையடக்கக் கருவிக்கு வந்தது 'ஹோட்டல் டஸ்க்: ரூம் 215'. நியூயார்க் போலீஸில் துப்பறிவாளராக இருந்து விலகிய கைல் ஹைடு, ரெட் கிரவுன் என்ற நிறுவனத்தின் விற்பனையாளராக ஊர் ஊராகப் போகிறான். காணாமல் போன பழைய கூட்டாளி பிரையன் பிராட்லியைத் தேடுவதுதான் உள்ளூர அவனுக்கு வேலை. 1979 டிசம்பர் 28 அன்று நெவாடாவில் ஒரு பழைய ஹோட்டலில் தங்குகிறான். மொத்தக் கதையும் அந்த ஒரே இரவில் முடிந்துவிடும்.

'லாஸ்ட் விண்டோ' 1980 டிசம்பரில், லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கிறது. கைல் குடியிருக்கும் கேப் வெஸ்ட் கட்டடம் ஒரு காலத்தில் ஹோட்டலாக இருந்தது. அதை இடிக்கப் போகிறார்கள், மாத முடிவுக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும். அதே நேரத்தில் முதலாளி எட் அவனை வேலையை விட்டு அனுப்பிவிடுகிறார். போதாக்குறைக்கு, அந்தக் கட்டடத்தில் மறைந்திருக்கும் 'ஸ்கார்லெட் ஸ்டார்' என்ற பொருளைக் கண்டுபிடிக்கச் சொல்லி யாரோ ஓலை அனுப்புகிறார்கள். தோண்டத் தோண்ட, 13 ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்த கொலையும், கைலின் அப்பா செத்துப்போன கதையும் மேலே வருகின்றன.

முதல் கேமில் கைல் வழிப்போக்கன். விடிந்தால் கிளம்பிவிடுவான், யாரிடம் எதைக் கேட்டாலும் அவனுக்கு நஷ்டமில்லை. இரண்டாவதில் அவன் விசாரிப்பது சொந்த அண்டை வீட்டாரை. தினமும் மாடிப்படியில் பார்த்துத் தலையசைத்த மனிதர்கள். ஒருவரைக் குத்திக் கேட்டுவிட்டால் மறுநாளும் அதே நடையில் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். கதை ஒரே இரவாக இல்லாமல் சில நாட்களுக்கு நீள்வதால் இந்த உறுத்தல் கூடிக்கொண்டே போகிறது. தொடர்ச்சி என்றால் பெரிய வரைபடம், நிறைய ஆட்கள் என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எங்கள் கணக்கில் முதல் கேமைவிட இது ஒரு படி மேல்.

இன்னொன்று படம். நிஜ மனிதர்களின் அசைவைப் பிரதியெடுத்து, பென்சில் கோட்டில் கறுப்பு வெள்ளையாக வரைந்த உருவங்கள். ஒருவர் சும்மா நின்றிருக்கும்போதும் கோடுகள் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். எதிர்பாராத கேள்வி விழுந்ததும் பார்வை விலகும், தோள் திரும்பும், அதற்குப் பிறகுதான் எழுத்தில் பதில் ஓடத் தொடங்கும். பதிலைவிட அந்த இடைவெளியைப் பார்த்துப் பழகுங்கள். பொய் சொல்பவரைப் பல இடங்களில் அங்கேயே பிடித்துவிடலாம்.

கருவியைப் புத்தகம்போல் செங்குத்தாகப் பிடித்துத்தான் இரண்டையும் ஆட வேண்டும். 'லாஸ்ட் விண்டோ' இதை ஒரு படி முன்னே கொண்டுபோகிறது. நீங்கள் ஆடி முடித்த பகுதிகள் ஒரு நாவலாக, அத்தியாயம் அத்தியாயமாக, கேமுக்குள்ளேயே திறக்கும். நீங்கள் எடுத்த முடிவுக்கு ஏற்ப அதன் வரிகள் மாறும். ஆடிய கையோடு அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கடைசியில் மொத்தமாகப் படித்தால் பாதிச் சுவைதான்.

*நேரே 'லாஸ்ட் விண்டோ'விலிருந்து ஆரம்பிக்கலாமா? முதல் பாகம் கையில் இல்லை.*
– வாசகி, திருநெல்வேலி

கதை புரியும். ஆனால் பிராட்லி பற்றிய மர்மம் முன்கூட்டியே உடைந்துவிடும், பிறகு 'ஹோட்டல் டஸ்க்' ஆடுவதில் அர்த்தமில்லை. முதல் பாகத்துக்குச் சுமார் 15 மணி நேரம் ஆகும். பொறுத்திருந்து அதையே முதலில் ஆடுங்கள்.

*என்னிடம் இருப்பது ஜப்பானிய 3டிஎஸ், டிஎஸ்ஸுக்குப் பிந்தைய கருவி. 'லாஸ்ட் விண்டோ' ஆங்கிலத்தில் ஐரோப்பியப் பதிப்பாக மட்டுமே கிடைக்கிறது. 'உங்கள் கருவியில் ஓடாது' என்கிறார் விற்பவர். உண்மையா?*
– வாசகர், சிங்கப்பூர்

ஓடும். வட்டாரப் பூட்டு (ஒரு வட்டாரத்து கேமை வேறு வட்டாரக் கருவியில் ஓடவிடாத தடை) 3டிஎஸ் கேம்களுக்கும், டிஎஸ்ஸின் மேம்பட்ட வடிவமான டிஎஸ்ஐக்கென்றே தயாரான அல்லது அதற்காக மேம்படுத்தப்பட்ட கேம்களுக்கும்தான். சாதாரண டிஎஸ் கார்ட்ரிட்ஜுகளுக்கு (கேம் அடங்கிய சிறு அட்டைகள்) அந்தப் பூட்டு கிடையாது. 'லாஸ்ட் விண்டோ' சாதாரண டிஎஸ் கேம். ஐரோப்பிய கார்ட்ரிட்ஜை ஜப்பானிய, அமெரிக்கக் கருவி எதில் போட்டாலும் வேலை செய்யும். விற்பவர் 3டிஎஸ் கேம்களின் விதியை இதற்கும் பொருத்திச் சொல்கிறார்.

ஒரு குறிப்பு: 3டிஎஸ்ஸில் டிஎஸ் கேம்கள் சற்று இழுத்துக் காட்டப்படும், பென்சில் கோடு மங்கும். ஸ்டார்ட் அல்லது செலக்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கேமைத் திறந்தால் அசல் அளவான 256×192 புள்ளிகளில் வரும். படம் சிறிதாகும், கோடு கூர்மையாகும். எழுத்து படிக்கச் சிரமமாக இருந்தால் பெரிய அளவையே வைத்துக்கொள்ளுங்கள்.

*பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?*
– வாசகர், சென்னை

இந்த கேம் அரிது, விலையும் ஏறித்தான் கிடக்கிறது. பாதி விலைக்குப் புத்தம் புதிதாகக் கிடைத்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். முன்பக்க ஸ்டிக்கரில் என்டிஆர் (NTR) என்று தொடங்கும் குறியீடு இருக்கும். ஐரோப்பியப் பதிப்பில் அது ஈயூஆர் (EUR) என முடிவது வழக்கம். அட்டைப் படம் ஐரோப்பியப் பெட்டியாக இருந்து குறியீடு மட்டும் அமெரிக்காவுடையதாக இருந்தால் கைவைக்காதீர்கள். இந்த கேம் அமெரிக்காவில் வெளிவரவே இல்லை. எழுத்து மங்கல், நிறம் வெளிறல், ஸ்டிக்கர் ஓரம் கோணலாக வெட்டியிருப்பது ஆகியவையும் அடையாளங்கள்.

நேரில் வாங்கினால் ஒரே சோதனை போதும். கேமைத் தொடங்கி முதல் வாய்ப்பிலேயே சேவ் செய்யுங்கள். கருவியை முழுதாக அணைத்து, கார்ட்ரிட்ஜைக் கழற்றி மீண்டும் போட்டுத் திறந்து பாருங்கள். போலிகள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டும்: கேம் ஓடும், சேவ் நிற்காது.

அசலாக இருந்தும் திறக்கவில்லை என்றால் பல நேரம் கோளாறு பின்பக்கத் தொடுமுனைகளில் படிந்த அழுக்குதான். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்து, நீளவாக்கில் துடைத்து, முழுதாகக் காயவிட்டுப் போடுங்கள். வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பட்டு முனைகள் களிம்பேறும்.

*பாதியில் மாட்டிக்கொண்டேன். எல்லோரிடமும் பேசியாயிற்று, எல்லா அறையும் பார்த்தாயிற்று, கதை நகரவில்லை. இன்னொரு இடத்தில் பேசும்போதே 'கேம் ஓவர்' விழுகிறது. என்ன தவறு செய்கிறேன்?*
– வாசகி, யாழ்ப்பாணம்

இவை இரண்டு தனித்தனி சிக்கல்கள்.

நகராமல் நிற்பதற்கு அனேகமாக ஒரே காரணம்தான்: பார்த்த இடத்தைச் சரியான கோணத்தில் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடிச் சின்னத்தைத் தொட்டு ஒரு மேஜையையோ அலமாரியையோ நெருங்கியதும் கோணத்தை நகர்த்தும் பட்டை ஒன்று வரும். முதலில் தெரியும் காட்சியிலேயே எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். பட்டையை இரண்டு ஓரத்துக்கும் இழுத்தால்தான் பக்கவாட்டில் ஒளிந்திருப்பது தெரியும். 'ஒன்றுமில்லை' என்று கைல் முன்பு சொன்ன பொருளும் கதை நகர்ந்த பிறகு முக்கியமாகலாம். எனவே புதிய தகவல் கிடைத்ததும் முதலில் அதோடு தொடர்புள்ள அறையை மட்டும் மறுபடி பாருங்கள். மொத்தக் கட்டடத்தையும் சல்லடை போடத் தேவையில்லை. பிறகு உங்கள் சொந்த அறை. அங்கே போனால்தான் தொடங்கும் காட்சிகள் உண்டு.

கேம் ஓவர் விழுவது வேறு கணக்கு. கைல் இப்போது போலீஸ் இல்லை. யாரும் அவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை. போலீஸ்காரன் மாதிரி நீங்கள் மிரட்டினால் எதிராளி வாயை மூடிக்கொள்வார், அல்லது வெளியே போகச் சொல்வார். அதோடு ஆட்டம் முடிந்தது. பேச்சின் நடுவே ஒரு கேள்வியை இப்போதே கேட்பதா, விட்டுப்பிடிப்பதா என்று தேர்வு வரும். எதிராளி தானாகப் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பாயாதீர்கள். அவர் முன்பு சொன்னதற்கு மாறாக ஏதாவது சொன்னால் மட்டும் உடனே பிடியுங்கள். ஒருவரைப் பற்றி இன்னொருவர் ரகசியமாகச் சொன்னதை, சொன்னவர் பெயரோடு போட்டு உடைப்பது ஆபத்தான தேர்வு. கையிலுள்ள பொருளைக் காட்டுவதிலும் அப்படித்தான்: எல்லாப் பொருளையும் எல்லோரிடமும் நீட்டிப் பார்த்தால் 'இது உனக்கு எப்படிக் கிடைத்தது?' என்ற கேள்வி திரும்பி வரும்.

முக்கியமான ஆளின் கதவைத் தட்டும் முன் குறிப்பேட்டைத் திறந்து சேவ் செய்யுங்கள். அந்தக் குறிப்பேட்டில் தொடுதிரைப் பேனாவான ஸ்டைலஸால் கையெழுத்தாக எழுதலாம். அறை எண், ஆண்டு, யார் எங்கே இருந்ததாகச் சொன்னார் என்ற மூன்றை மட்டும் எழுதினால் போதும். அத்தியாய முடிவில் கைல் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் வரும். அதில் நீங்கள் எங்கே தடுமாறுகிறீர்களோ, அங்கே கதையைத் தவறவிட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

எழுத்து மெதுவாகத்தான் ஓடும். திரையைத் தட்டித் தட்டி அவசரப்படுத்துவதில் தேர்வுப் பெட்டி வந்ததும் தெரியாமல் தொட்டுவிடுவோர் பலர். பாதி கேம் ஓவர்கள் இந்த வகைதான்.

*'ஹோட்டல் டஸ்க்'கில் சிறுமி மெலிசாவின் படத்துண்டுப் புதிர். சேர்த்துவிட்டேன், பின்பக்கம் பார்க்க முடியவில்லை. என் கருவி 2டிஎஸ்.*
– வாசகர், ஈரோடு

கருவியின் மூடியை மூடித் திறந்தால் படம் புரளும். உங்கள் 2டிஎஸ் மடியாத வகை, மூடியே இல்லை. ஆனால் கீழே 'ஸ்லீப்' என்றொரு தள்ளு சுவிட்ச் இருக்கிறது. மூடிக்குப் பதில் அதுதான். தள்ளி, ஓரிரு நொடி விட்டு, மீண்டும் பழையபடி தள்ளுங்கள்.

*கணினியில் எமுலேட்டரில் (டிஎஸ்போல் இயங்கும் மென்பொருள்) ஆடுகிறேன். இதே புதிர்களை எப்படிச் செய்வது? திரையும் படுத்தே கிடக்கிறது.*
– வாசகர், திருச்சி

மெலன்டிஎஸ் என்ற எமுலேட்டரில் திரை அமைப்புக்குப் போய் 90 அல்லது 270 டிகிரி சுழற்றி, இரண்டு திரைகளையும் பக்கம் பக்கமாக வையுங்கள். மூடியை மூடுவதற்கு விசைப்பலகையில் ஒரு விசையை ஒதுக்கும் வசதி உண்டு. மைக்கில் ஊத வேண்டிய இடம் வந்தால் அது இயங்குகிறதா என்று பாருங்கள். கார்ட்ரிட்ஜ் சொந்தமாக இருந்து அதிலிருந்து எடுத்த கோப்பாக இருக்கட்டும். இணையத்தில் இறக்கிய கோப்பைப் பற்றிய சந்தேகங்களுக்கு இங்கே பதில் இல்லை.

*இதை ஆடவே ஒரு பழைய கருவி வாங்கலாம் என்று இருக்கிறேன். எது நல்லது?*
– வாசகி, மதுரை

டிஎஸ்ஐ எக்ஸ்எல். இரண்டு திரைகளும் 4.2 அங்குலம், பக்கவாட்டிலிருந்தும் தெளிவாகத் தெரியும். செங்குத்தாகப் பிடிக்கும் கேமுக்கு அது முக்கியம். டிஎஸ் லைட்டின் திரை 3 அங்குலம்தான், ஆனால் மலிவு. வெளிச்சத்தைக் குறைவாக வைத்தால் 15 முதல் 19 மணி நேரம் வரை ஓடும் என்பது நிறுவனக் கணக்கு. பழைய பேட்டரி அவ்வளவு தராது. லைட் வாங்கினால் வலது பக்கக் கீலை முதலில் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் வேண்டாம். புத்தகம்போல் பிடிக்கும்போது எடை அந்தக் கீலிலேயே விழும், விரிசல் வளர்ந்து மேல்திரைக் கம்பியையும் பதம் பார்க்கும்.

*மூன்றாம் பாகம் வருமா? இதை உருவாக்கியவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?*
– வாசகர், கோலாலம்பூர்

ஃபுகுவோகாவைச் சேர்ந்த சிங் நிறுவனம் இரண்டையும் உருவாக்கியது. 'லாஸ்ட் விண்டோ' ஜப்பானில் 2010 ஜனவரியில் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் சிங் திவால் மனு கொடுத்தது. ஐரோப்பாவில் செப்டம்பரில் கேம் வெளியானபோது அதைச் செய்த நிறுவனமே இல்லை. அந்த அணியின் தைசுகே கனசாகி பிறகு ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸில் சேர்ந்தார். சிங்கின் இன்னொரு தொடரான 'அனதர் கோட்' இரண்டையும் புதுப்பித்து, 2024 ஜனவரியில் 'அனதர் கோட்: ரீகலெக்‌ஷன்' என்ற பெயரில் தன் ஸ்விட்ச் கருவிக்கு நின்டெண்டோ வெளியிட்டது. கைல் ஹைடுக்கு அந்த யோகம் இன்னும் வரவில்லை.

*என்னிடம் ஸ்விட்ச் மட்டும்தான். இதே ருசியில் ஏதாவது?*
– வாசகி, சேலம்

'ஏஸ் அட்டர்னி இன்வெஸ்டிகேஷன்ஸ் கலெக்‌ஷன்'. அதிலுள்ள இரண்டாம் பாகம் 2011-ல் ஜப்பானில் டிஎஸ்ஸுக்கு வந்து, 2024 செப்டம்பரில்தான் அதிகாரபூர்வ ஆங்கிலத்தைப் பார்த்தது. அதில் 'லாஜிக் செஸ்' என்றொரு பகுதி உண்டு: நேரம் ஓடும், எதிராளியோடு பேச்சில் மோத வேண்டும். அவர் உற்சாகமாக உளறிக்கொண்டிருந்தால் காத்திருக்கும் தேர்வை எடுங்கள், தடுமாறினால் பாயுங்கள். கைல் ஹைடிடம் பழகிய கைக்கு இது எளிது. ஆனால் கூத்தும் கூச்சலும் அதிகம். அமைதியான விசாரணைதான் வேண்டுமென்றால் 2021-ல் ஸ்விட்சுக்குப் புதுப்பித்து வந்த 'ஃபேமிகாம் டிடெக்டிவ் கிளப்' இரண்டில் 'த மிஸ்ஸிங் ஏர்' கதையை முதலில் எடுங்கள். கட்டளைப் பட்டியலில் ஒரே கேள்வியை இரண்டு, மூன்று தடவை கேட்டால்தான் சில பதில்கள் திறக்கும். ஒரு தடவை கேட்டுவிட்டு நகர்ந்தால் அங்கேயே நின்றுவிடுவீர்கள்.