சட்டையைப் பிடித்தேன், வேலை போச்சு, நஷ்டஈடும் போகுமா?

கேள்வி: கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பு மில்லில் 9 வருடம் வேலை பார்த்தேன். மூன்றாவது நாளாக டபுள் ஷிப்ட் பார்க்கச் சொன்ன சூப்பர்வைசரோடு வாய்த்தகராறாகி, கோபத்தில் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். மறுநாள் கேட்டிலேயே நிறுத்தி, வேலை இல்லை என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். விசாரணையே இல்லை. ஆறு மாதமாக வாடகை ஆட்டோ ஓட்டுகிறேன். “தப்பு உன்மேல், இப்போது சம்பாதிக்கவும் செய்கிறாய், கேஸ் போட்டாலும் பைசா வராது. 25,000 தருகிறோம், இதில் கையெழுத்துப் போடு” என்று மேனேஜர் ஒரு மலையாளப் பேப்பரை நீட்டுகிறார். போடலாமா சார்? (பெயர் வேண்டாம், க.க.சாவடி)

பதில்: போடாதீர்கள். மேனேஜர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை வைத்துத்தான் உங்களைப் பயமுறுத்துகிறார்.

நஷ்டஈடு குறையலாம், ஒன்றுமே வராது என்பது பொய். விசாரணை வைக்காமல் நீக்கியது அவர்கள் தப்பு. ஆனால் அதோடு நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம், உள் விசாரணை வைக்காத நிர்வாகம் தொழில் தீர்ப்பாயத்திலேயே சாட்சி வைத்து, நீங்கள் சட்டையைப் பிடித்ததை நிரூபிக்கலாம். நிரூபித்தாலும், 9 வருடம் ஒரு மெமோகூட வாங்காதவரை ஒரு நிமிடக் கோபத்துக்காக வீட்டுக்கு அனுப்பியது அதிகப்படியான தண்டனை என்று தீர்ப்பாயம் கருதினால் வேலையைத் திருப்பித் தந்து, பின்சம்பளத்தில் (வேலை இல்லாமல் வெளியே நின்ற காலத்துக்கான சம்பளம்) ஒரு பகுதியை மட்டும் வெட்டலாம். அப்படி நடப்பதும் உண்டு. ஆகவே மூன்று நாள் டபுள் ஷிப்ட் போட்டதற்கான ஆதாரம், பழைய சம்பளச் சீட்டு, எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்து ஆட்டோ. இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 2013-இல் மகாராஷ்டிர ஆசிரியை ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: தவறாக நீக்கப்பட்டவருக்குப் பின்சம்பளத்தோடு வேலையைத் திருப்பித் தருவதே பொது விதி, வேறு வருமானம் இல்லை என்று தொழிலாளி முதலில் சொல்ல வேண்டும், இருக்கிறது என்றால் அதை நிர்வாகம்தான் நிரூபிக்க வேண்டும். இதை நம்பிக்கொண்டு “சும்மாதான் இருக்கிறேன்” என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதிவிடாதீர்கள். உங்கள் ஸ்டாண்டில் ஒரு போட்டோ எடுத்தால் போதும், அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். மில்லில் 18,000 சம்பளம், ஆட்டோவில் வாடகையும் பெட்ரோலும் போக 8,000 நிற்கிறது என்றால், அதை அப்படியே எழுதுங்கள். நியாயமாகப் பார்த்தால் அந்த 8,000 கழியும், மீதி 10,000-க்கு நீங்கள் தைரியமாக வாதாடலாம். தினமும் நோட்டில் கணக்கு எழுதி வையுங்கள்.

வீடு தமிழ்நாட்டில் என்றாலும் வேலை பார்த்த இடம் கேரளம், அதனால் பாலக்காடு தொழிலாளர் அலுவலகத்தில்தான் மனு கொடுக்க வேண்டும். கோயம்புத்தூருக்கு அலைய வேண்டாம். வழக்குக்குப் போக, நீக்கிய நாளிலிருந்து பழைய சட்டத்தில் 3 வருடம் அவகாசம் இருந்தது, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் அது 2 வருடம்தான். தாமதித்தால் தொகையிலும் அடிவிழும்.

அந்தப் பேப்பரை மலையாளம் தெரிந்த, மில்லோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் வாசிக்கச் சொல்லுங்கள். “சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்” என்று ஒரு வரி இருந்தால், உங்களை நீக்கவே இல்லை என்று ஆகிவிடும். கடைசிச் சம்பளம் 18,000 என்றால் 9 வருடத்துக்குக் கிராஜுவிட்டி (பணிக்கொடை) மட்டுமே சுமார் 93,000 வருகிறது. அடிதடியில் இறங்கியதற்காகவே நீக்கினோம் என்று நிலைநாட்டினால்தான் அவர்கள் அதில் கைவைக்க முடியும். பி.எஃப். பணத்தை அப்போதும் தொட முடியாது. 25,000-க்கு எதை எதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.