பிரான்ச் அவுட்: நடுவில் கடையை வைக்காதீர்கள்

ஹட்டனில் இருக்கும் தையல் கடையைத் தலவாக்கலையிலும் திறந்துவிட்டு, வங்கிக் கடிதத்தில் 'வீ பிரான்ச்ட் அவுட் அவர் ஷொப் டு தலவாக்கலை' என்று எழுதினேன், ஆசிரியர் வெட்டிவிட்டார், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். வெட்டியது சரிதான்.

பிரான்ச் அவுட் என்றால், பெரும்பாலும், செய்கிற தொழிலோடு புதுவகை வேலையிலும் இறங்குவது. தையலோடு பாடசாலைப் பையும் விற்கத் தொடங்கினால் பொருந்தும். அதே தையலை இன்னொரு ஊரில் செய்தால் 'வீ ஓபன்ட் எ பிரான்ச் இன் தலவாக்கலை' போதும். (கிளை என்ற சொல்தான் இரண்டிலும் ஏமாற்றுகிறது.)

கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளின் கிளைகளைத் தறித்துவிட்ட, தேயிலை மலையைச் சில மாதம் கழித்துப் பாருங்கள். மொட்டையாக நின்ற தேயிலைச் செடி பக்கவாட்டில் புதுக் கிளை விட்டிருக்கும். செடி தானே விடுகிறது. இந்த வினையும் அப்படித்தான். 'கடையை' என்று செயப்படுபொருள் ஏற்காது. புதிய துறைக்கு முன்னால் 'இன்டு' போடுங்கள்: 'வீ பிரான்ச்ட் அவுட் இன்டு ஸ்கூல் பேக்ஸ்'.

அப்புறம், பிரான்ச் ஓஃப் வேறு. பேராதனைச் சந்தியில் கண்டி ரயில் பாதை பதுளைப் பாதையை விட்டுப் பிரிகிறதே, அது.