கேள்வி நேரம்: பௌதிகவியல் மாணவர்களின் கடிதங்கள்

கேள்வி: கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன் அக்கா. பௌதிகவியலில் விசேட கற்கைக்குப் போக விருப்பம். லெக்சர், லாப், பரீட்சை என்றே நாள் போகிறது. கொழும்பு, பேராதனைப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற வாய்ப்பு வந்தாறுமூலையில் இல்லை என்று கூடப் படிக்கிறவர்கள் சொல்கிறார்கள். உண்மையா? படிப்புக்கு வெளியே நாங்கள் என்ன செய்யலாம்?
– மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: பாதி உண்மை தங்கச்சி. பெரிய ஆய்வுகூடங்களும் கருத்தரங்குகளும் கொழும்பு, கண்டிப் பக்கம்தான் அதிகம், போய்வரவே நாள் முடிந்துவிடும். ஆனால் இரண்டாம் வருடத்தில் உங்களுக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படாது. லாப் கொப்பியில் விடை ஏற்கனவே தெரிந்த பரிசோதனைகளைத்தான் செய்கிறீர்கள், ஊசலை ஆட்டினால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரவேண்டும், வராவிட்டால் வரப்பண்ணுகிறோம். விடை யாருக்கும் தெரியாத ஒரு சின்னக் கேள்வியை எடுத்து, நீங்களே அளந்து, நான்கு பக்கம் எழுதி ஒரு விரிவுரையாளரிடம் காட்டிப் பாருங்கள். பின்னால் வரும் எல்லா வாய்ப்புக்கும் கதவு அங்கேதான் திறக்கும்.

அப்படிக் கேள்விக்கு எங்கே போவது என்றால், மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலத்துக்குப் போங்கள். அங்கே இரவில் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்கும் என்பதால்தான் பாடும் மீன் ஊர் என்று பெருமை பேசுகிறோம். 1950களில் யேசு சபைக் குருவானவர் லாங் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தார், பிறகு இலங்கை வானொலியிலும் அது ஒலித்தது. மீனா, மட்டியா, வேறெதுவுமா என்று இன்றைக்கும் ஊரில் வாதம் நடக்கிறது. மீனவர்கள் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள் இல்லையா, அதில் நல்ல பௌதிகவியல் இருக்கிறது: தண்ணீருக்குள் எழும் ஒலி காற்றுக்கு வரும்போது அதன் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் வெளியே வரும், மிச்சம் தண்ணீருக்குள்ளேயே திரும்பிவிடும், மரத்துடுப்போ தண்ணீரும் காற்றும் சந்திக்கும் அந்த எல்லையைத் தாண்டி ஒலியைக் காதுக்கே கொண்டுவந்து விடுகிறது. துடுப்புக்குப் பதிலாக நீங்கள் ஒரு நீரொலிவாங்கி, அதாவது தண்ணீருக்குள் ஒலி பிடிக்கும் மைக், செய்யலாம். அலாரத்துக்குள் இருக்கும் வட்டத் தகடு, அதுதான் பியசோ தகடு, இலத்திரனியல் சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும். கவசமிட்ட வயரை அதில் ஈயம் வைத்து ஒட்டி, முழுவதையும் அரால்டைட் பசையால் தண்ணீர் புகாதபடி மூடி, மறுமுனையை லாப்டொப்பின் மைக் துளையில் செருகினால் சரி. பதிவை ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து எந்த அதிர்வெண்ணில் சக்தி கூடியிருக்கிறது என்று வரைபடம் எடுங்கள், பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் வித்தியாசம் இருக்கிறதா, பாலத்து வாகன இரைச்சல் எவ்வளவு கலக்கிறது என்று பாருங்கள். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைதான் சத்தம் கேட்கும் காலம் என்பது ஊர்ப்பேச்சு, அதையும் சோதிக்கலாம். இரவில் தனியே போகவேண்டாம். வாவியை அறிந்த தோணிக்காரர் ஒருவரோடு, உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, இரண்டு வளாகங்கள் சேர்ந்து பூமியின் சுற்றளவை அளப்பது. மட்டக்களப்பு ஏறக்குறைய 7.7 பாகை வடக்கு, ஆகவே சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னால் ஏப்ரல் 9, 10 அளவில் நண்பகலில் சூரியன் நேரே உச்சிக்கு வரும், நட்ட தடிக்கு நிழல் விழாது. அதே நாளில் யாழ்ப்பாணத்தில் ஒரு மீற்றர் தடிக்கு மூன்றரை சென்ரிமீற்றர் அளவு நிழல் விழும், அதாவது சூரியன் அங்கே ஏறக்குறைய 2 பாகை சாய்ந்து நிற்கிறது. இரண்டு ஊருக்கும் வடக்குத் தெற்காக உள்ள தூரம் ஏறக்குறைய 215 கிலோமீற்றர் (பஸ் போகிற தூரத்தைப் போட்டுவிடாதீர்கள்), 2 பாகைக்கு இவ்வளவு தூரம் என்றால் 360 பாகைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றரை ஒட்டி வரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் பிள்ளைகளுக்கு இப்போதே செய்தி அனுப்புங்கள். நிழலின் ஓரம் மங்கலாகத்தான் விழும், ஏனென்றால் சூரியன் அரைப் பாகை அகலமானது. அந்த மங்கலால் விடையில் எவ்வளவு பிழை வரலாம் என்று மதிப்பிட்டு எழுதும் பகுதியைத்தான் விரிவுரையாளர் முதலில் வாசிப்பார்.

வேலை நன்றாக வந்தால் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் வருடாந்த அமர்வுக்கோ, இலங்கை பௌதிகவியல் நிறுவகத்தின் அமர்வுக்கோ அனுப்பலாம். ஆங்கிலம் பயமாக இருக்கிறது என்று நிறுத்திவிடாதீர்கள், விரிவுரையாளர் திருத்தித் தருவார், கேட்டால்தான் தருவார்.

கேள்வி: தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறை வளாகத்தில் மூன்றாம் வருடம். சேர்ன் ஆய்வுகூடத்துக்கெல்லாம் எங்களைப் போன்றவர்கள் விண்ணப்பிக்க முடியுமா?
– மாணவர், நிந்தவூர்

பதில்: முடியும் தம்பி. ஜெனீவாவுக்கு அருகே இருக்கும் ஐரோப்பியத் துகள் பௌதிகவியல் ஆய்வுகூடமான சேர்ன், உறுப்பு நாடல்லாத நாடுகளின் மாணவர்களையும் கோடைகாலத் திட்டத்துக்கு எடுக்கிறது. கோடைக்குள் மூன்று வருடப் பல்கலைக்கழகப் படிப்பை முடித்திருக்கவேண்டும், விண்ணப்பம் வழமையாக ஜனவரி முடிவோடு மூடிவிடும், தெரிவானால் தங்குவதற்கான படி தருகிறார்கள். எங்கள் கல்வியாண்டு இழுபடுகிற இழுப்பில் எந்த ஜனவரி உங்களுக்குப் பொருந்தும் என்பதை இன்றே எண்ணிப் பார்த்து வையுங்கள். போட்டி கடுமை, அதனால் இதை மட்டும் நம்பி இருக்கவேண்டாம்.

நான் உங்களுக்கு அதைவிட அழுத்திச் சொல்வது இத்தாலியின் திரியெஸ்தே நகரில் இருக்கும் சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் மையத்தை. 1964இல் பாகிஸ்தான் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் அதைத் தொடங்கினார். லாகூரில் வேலை செய்த காலத்தில் ஆராய்ச்சி உலகத்திலிருந்து ஒதுங்கிப்போன வலியை அனுபவித்தவர், வளரும் நாட்டுப் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றே அதைக் கட்டினார். பட்டம் முடித்தவர்களுக்கு அங்கே ஒரு வருட டிப்ளோமா உண்டு, வளரும் நாட்டு மாணவர்களுக்குச் செலவை அவர்களே பார்க்கிறார்கள். ஏழைநாடு என்பது அங்கே தடை ஆகாது, அந்த இடமே உங்களுக்காகத்தான்.

உள்நாட்டில் கண்டி ஹந்தானையில் அடிப்படைக் கற்கைகள் தேசிய நிறுவனம் இருக்கிறது, சூரியக் கலத்திலும் பற்றரிக்கான பொருள்களிலும் நல்ல வேலை நடந்த இடம். அங்கே உள்ள ஆய்வாளர் ஒருவரின் கட்டுரையை உண்மையாகவே வாசித்துவிட்டு, அதில் ஒரு கேள்வி கேட்டு மின்னஞ்சல் போடுங்கள். 'ஏதாவது வாய்ப்பு இருந்தால் தாருங்கள்' என்று பத்துப் பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் பதில் வருவது அரிது.

எதற்கு விண்ணப்பித்தாலும் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். உங்கள் பெயரையும் புள்ளியையும் மட்டும் அறிந்த விரிவுரையாளர் என்னத்தை எழுதுவார்? அதனால் மேலே தங்கச்சிக்குச் சொன்னதை நீங்களும் வாசியுங்கள், உங்கள் பக்கம் ஒலுவில் கடலே இருக்கிறது.

கேள்வி: மகள் கம்பஸில் பௌதிகவியலைத்தான் எடுப்பேன் என்கிறாள். உத்தியோகம் கிடைக்குமா? இப்போதே டியூசன் கொடுக்கச் சொல்லலாமா?
– தாய், வெல்லாவெளி

பதில்: ஆசிரியத் தொழில் மட்டும்தான் என்று நினைக்கவேண்டாம் அம்மா. வளிமண்டலவியல் திணைக்களம் இருக்கிறது, மேற்படிப்போடு வைத்தியசாலைகளில் கதிர்ச் சிகிச்சை அளவைப் பார்க்கும் மருத்துவப் பௌதிகவியல் இருக்கிறது, கணினித் துறைக்கும் போகிறார்கள். ஆசிரியராக வந்தாலும் வாவிக்கு மேற்கே நம் படுவான்கரையில் ஏ.எல் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்க ஆள் எவ்வளவு தேவை என்பது உங்களுக்கே தெரியும்.

டியூசனை இப்போது தொடங்கவிடாதீர்கள். விசேட கற்கைக்கு எடுப்பது முதல் வருடங்களின் புள்ளியைப் பார்த்துத்தான், அந்த நேரத்தில் கிழமைக்கு நான்கு நாள் வகுப்பு எடுத்தால் புள்ளி விழும். மாதம் ஒரு சனிக்கிழமை ஊர்ப் பாடசாலையில் ஏ.எல் பிள்ளைகளுக்குச் செய்முறை காட்டப் போகட்டும், அதை நான் தடுக்கமாட்டேன்.