நடுமூளையைத் திறக்க 18,000 ரூபாயா?

மூளை பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நோயாளியின் வயதே இல்லை. வயது, எந்தப் பக்கம், எப்போது ஆரம்பித்தது. இந்த மூன்றையும் எழுதாதவர்கள் ஜோசியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு (62) இடது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சு நன்றாக இருக்கிறது. ஸ்கேனில் அடைப்பு வலது மூளையில் என்கிறார்கள். ரிப்போர்ட் மாறிவிட்டதா? (பாலக்கோடு)

மாறவில்லை. பெருமூளையிலிருந்து கை கால்களுக்கு இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பகுதி, மூளை தண்டுவடத்தோடு சேரும் இடமான முகுளத்தின் அடியில் பக்கம் மாறிவிடும். பேச்சு பெரும்பாலோருக்கு இடது பாதியில், அதனால் அது தப்பியது. எப்போதும் சொல்வதுதான்: வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். இது பக்கவாதம்; அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரம்தான் கெடு. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

நாம் மூளையில் 10 சதவீதம்தான் பயன்படுத்துகிறோமாமே? (கிருஷ்ணகிரி)

பொய். எடை சுமார் 1.4 கிலோ, உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடம்பு அவ்வளவு தீனி போடாது.

பையனுக்கு 9 வயது. நடுமூளையைத் தூண்டிவிடுவதாக ஒரு வகுப்பு. 18,000 ரூபாய். கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் புத்தகம் படிப்பதை நேரில் பார்த்தோம். சேர்க்கலாமா? (ஓசூர்)

வேண்டாம். இதையே எத்தனை தடவை எழுதுவது?

நடுமூளை என்பது, மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டின் மேல்பகுதி, நீளம் சுமார் 2 செ.மீ. கண் விழிகளை அசைப்பது, வெளிச்சத்துக்கு ஏற்பக் கண் பாப்பாவைச் சுருக்குவது, காதில் விழும் சத்தத்தை மேலே கடத்துவது, விழிப்பு நிலையைக் காப்பது எல்லாம் அதன் வேலை. அங்கே டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் கருநிற உயிரணுக்கள் அழிந்தால் பார்க்கின்சன் நோய் (நடுக்குவாதம்). உங்கள் பையன் விழித்திருக்கிறான், கண்ணை உருட்டுகிறான் என்றால் அவன் நடுமூளை பிறந்ததிலிருந்தே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது நின்றிருந்தால் அவன் வகுப்பில் இருக்கமாட்டான், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பான்.

பார்வையை அலசுவது பின்தலையில் உள்ள பிடரி மடல். விழித்திரையில் ஒளி படாமல் அதற்குச் செய்தியே போகாது. அப்படியானால் எப்படிப் படிக்கிறார்கள்? மூக்கின் இரு பக்கமும் துணிக்கு அடியில் ஒரு சந்து இருக்கிறது, அது வழியாகத்தான். நம்பாவிட்டால் புத்தகத்தை நெற்றிக்கு மேலே பிடியுங்கள், அல்லது விளக்கை அணைத்துவிடுங்கள். உடனே 'இன்று மூட் சரியில்லை' என்பார்கள். பணம் போவதைவிட எனக்கு ஆத்திரம் இதில்தான்: 9 வயதுப் பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்கவில்லை என்று பெற்றோரிடமே சொல்லப் பழகுகிறது. அந்த 18,000-க்குக் கதைப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள், கண்ணைத் திறந்தே படிக்கட்டும்.

தலை சுற்றுகிறது. மூளையில் எந்தப் பகுதி? (பென்னாகரம்)

முழுக் கடிதமும் இவ்வளவுதான்! படுக்கையில் புரளும்போது அரை நிமிடம் சுற்றி நின்றால் பெரும்பாலும் உட்காதுக் கோளாறு, மூளையே இல்லை. நடை தள்ளாடி, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்து, பேச்சும் குழறினால் சிறுமூளையோ மூளைத்தண்டோ. எனக்குக் கடிதம் எழுதாமல் வண்டி பிடியுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம், கெடு அதே 4.5 மணி நேரம்.

தொப்பூர் கணவாயில் பைக்கிலிருந்து விழுந்து கணவருக்கு (38) முன்னந்தலையில் அடி. நாலு மாதமாகிறது, கை கால் நன்றாக இருக்கிறது. ஆனால் ஆளே மாறிவிட்டார். எதற்கெடுத்தாலும் கோபம், கெட்ட வார்த்தை. (தர்மபுரி)

'திமிர்' என்று வீட்டில் யாரும் சொல்ல விடாதீர்கள். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடல்தான் நம்மைக் கட்டுக்குள் வைப்பது. 1848-ல் அமெரிக்காவில் ஃபினியாஸ் கேஜ் என்ற ரயில்பாதைத் தொழிலாளியின் தலையை இரும்புக் கம்பி துளைத்துப் போனது. பிழைத்தார், நடந்தார், ஆனால் பழைய கேஜ் இல்லை என்றார்கள் நண்பர்கள். நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், மருந்தும் பயிற்சியும் உண்டு. அப்புறம், ஹெல்மெட் இருந்ததா என்று நீங்கள் எழுதவே இல்லை. தாடைப் பட்டை மாட்டாத ஹெல்மெட் கணக்கில் வராது.

அம்மாவுக்கு (71) காலையில் சாப்பிட்டது மறந்துவிடுகிறது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணம் அப்படியே நினைவிருக்கிறது. நடிக்கிறாரா? (அரூர்)

நடிப்பில்லை. புது நினைவைப் பதிய வைப்பது காதுக்கு மேலே உள்ள பொட்டுமடலின் உட்புறத்தில் உள்ள ஹிப்போகேம்பஸ். பழையவை பெருமூளையின் மேலடுக்கான புறணியில் பரவிக் கிடக்கின்றன. மறதி நோய் என்று முடிவுகட்டும் முன் தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

மூளைக்கு வலி தெரியாதாமே, அப்புறம் தலைவலி எப்படி? (ஊத்தங்கரை)

மூளைத் திசுவுக்குத் தெரியாது. அதைச் சுற்றிய உறைக்கும் ரத்தக் குழாய்களுக்கும் நன்றாகவே தெரியும்.