20 ஆண்டுகளுக்குப் பிறகு தோழிக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழியிடம் பேசி 20 ஆண்டுகளுக்கு மேலாகிறது. சண்டை எதுவும் இல்லை. திருமணம், வேலை என்று தொடர்பு விட்டுப்போயிற்று. இப்போது இன்னொரு தோழி மூலம் அவளுடைய எண் கிடைத்திருக்கிறது. எழுதி எழுதி அழிக்கிறேன். இத்தனை காலம் கழித்து எழுதினால் என்ன நினைப்பாளோ?

பதில்: இந்தத் தயக்கம் பலருக்கும் உண்டு. 2024-இல் லாரா ஆக்னின், கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், விருப்பமும் முகவரியும் நேரமும் இருந்தும் பழைய நண்பருக்குச் செய்தி அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் முதலில் மூன்று நிமிடம் இப்போதைய நண்பர்களுக்கு எழுதிக் கை பழகியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அனுப்பிவிட்டார்கள். நீங்களும் அப்படியே தொடங்குங்கள். என்ன நினைப்பாளோ என்ற கவலைக்கும் விடை இருக்கிறது: எதிர்பாராமல் விசாரிக்கப்படுபவர் அடையும் மகிழ்ச்சியை விசாரிப்பவர் குறைவாகவே மதிப்பிடுகிறார் என்று 2022-இல் வெளியான வேறோர் ஆய்வு காட்டியது.

செய்தி நான்கு வரியைத் தாண்ட வேண்டாம். அறியாத எண்ணிலிருந்து வருவதை இன்று யாரும் எளிதில் நம்புவதில்லை. எனவே அவள் உங்களை அழைத்த பெயரைச் சொல்லி, உங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு நிகழ்ச்சியை எழுதுங்கள். "தேர்வுக்கு முதல் நாள் மழையில் நனைந்த நம் குறிப்பேட்டை விடிய விடிய விசிறிக் காயவைத்தோமே, இன்று அது நினைவுக்கு வந்தது. உன்னைத் தேடியது. நேரம் கிடைக்கும்போது எழுது, அவசரமில்லை." இவ்வளவு போதும். இணைப்புகளோ உதவிக் கோரிக்கையோ அதில் வேண்டாம். நீண்ட மன்னிப்பும் தேவையில்லை, அவளும்தானே எழுதவில்லை.

ஒன்றில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். "அம்மா எப்படி இருக்கிறார்? வீட்டுக்காரர் நலமா?" என்று முதல் செய்தியிலேயே கேட்டுவிடாதீர்கள். 20 ஆண்டுகளில் மரணமோ மணமுறிவோ நேர்ந்திருக்கலாம். எண் கொடுத்த தோழியிடம் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அப்படி ஏதாவது தெரியவந்தால் உடனே துக்கம் விசாரிக்காமல், அவளே சொல்லும்வரை காத்திருங்கள்.

பதில் வந்ததும் தொலைபேசியில் பேசுங்கள். குரலில் பேசினால் சங்கடமாக இருக்கும் என்று நினைப்போம். பழைய நண்பரிடம் பேசிப் பார்த்தவர்கள், எழுதியவர்களைவிட அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள், சங்கடமும் கூடவில்லை என்பது 2021-இல் வெளியான ஆய்வின் முடிவு. நேரில் பார்க்கும் முதல் முறை ஒரு மணி நேரம் போதும். கல்லூரிக் கதைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதன்பின் நடுவில் கடந்த ஆண்டுகளைப் பற்றிக் கேளுங்கள். இன்றைய தோழியை அறிய அதுதான் வழி. பிள்ளைகளின் மதிப்பெண்ணும் சம்பளமும் பேச்சில் வராமல் இருப்பது நல்லது.

பதில் வராவிட்டால் எண் மாறியிருக்கலாம், அவள் ஏதேனும் நெருக்கடியில் இருக்கலாம். இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரே ஒரு முறை மறுபடி எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் எண் கொடுத்த தோழி மூலம் தூது அனுப்பாதீர்கள்.